கம்பெனி அனுப்பவில்லை

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு என்னிடம் எல்லோரும் கேட்டவை சில கேள்விகள்தான். சம்பளம் எவ்வளவு? மறுபடி எப்போது கூப்பிடுவார்கள்? தங்குவதற்குக் கம்பெனியே இடம் கொடுத்ததா, வாடகை பிடித்தார்களா? கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கேயே இருக்கிற மாதிரி ஆகுமா? அம்பாசமுத்திரத்தில், எங்கள் வாய்க்கு அம்பையில், காய்கறிக் கடையிலும், ஆற்றுப் படித்துறையிலும், திருநெல்வேலி போகிற பாசஞ்சர் ரயிலிலும் இதையேதான் கேட்டார்கள். "அங்க என்னளா பாத்த?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. தெருவுக்குச் சொல்லப்பட்டிருந்த செய்தி அப்படி. "சிங்கப்பூர்ல டிரெயினிங். கம்பெனியில அனுப்பியிருக்காவ." அம்மா சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைத் தெருவே சேர்த்துக்கொண்டது.

நான் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. எந்தக் கம்பெனியும் என்னை அனுப்பவும் இல்லை. சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த பணத்தில், முதுகில் ஒரு பையோடு 2023 நவம்பரில் கொச்சியிலிருந்து வியட்நாமுக்கு விமானம் ஏறினேன். அங்கிருந்து தாய்லாந்து, அப்புறம் மலேசியா. 2024 பிப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரம் வந்து, பஸ் பிடித்து வீடு. விடுதிகளில் பெண்களுக்கான பொது அறையில் ஒரு அடுக்குக் கட்டில், இரவு ரயில், உள்ளூர்ப் பேருந்து, நிறைய நடை. பார்க்க ஆசையாக இருந்தது, போனேன். இந்த ஒரு வரியை என் ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்ததுதான் திரும்பி வந்த நாள் முதல் என்னை அரித்தது.

அம்மா பொய் பேசுகிறவள் இல்லை. பால்காரர் ஒரு நாள் கணக்கை விட்டுவிட்டால்கூடக் கூப்பிட்டு எழுதச் சொல்வாள். நான் கிளம்பும்போதே இதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. "ஒத்தையில ஊர் சுத்தப் போயிருக்கான்னு சொன்னா அதுக்கு மேல நூறு கேள்வி வரும். கம்பெனின்னா அதோட விட்டுருவாவ" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. கம்பெனி அனுப்பினால் ஒரு பெண் கடல் தாண்டலாம், நடுராத்திரி விமானம் ஏறலாம், முன்பின் தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கலாம். பத்திரமாக இருப்பாளா என்று யாருக்கும் கவலை வராது. அதே பெண் அதே விமானத்தில் தன் காசில் ஏறினால் குடும்பமே தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தானே இருக்கும்? கம்பெனி என்ன, கூடவே குடை பிடித்துக்கொண்டா வருகிறது?

பிழைப்புக்குப் போனவர்கள்

வெளியூர் போவது எங்கள் சீமைக்குப் புதிது இல்லை. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் போன நூற்றாண்டிலேயே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வேரூன்றிவிட்டன. தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனவர்கள், பம்பாயில் தாராவிக்குப் போனவர்கள், சென்னையில் மளிகைக்கடை போட்ட அண்ணாச்சிமார், இப்போது துபாய்க்கும் கத்தாருக்கும் போகிற பிள்ளைகள். இன்னும் பின்னால் போனால் கொற்கை இருக்கிறது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் எழுதி வைத்த முத்துத் துறைமுகம். இன்றைக்குக் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய், வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. போனவர்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு காரணம் இருந்தது. பிழைப்பு, சரக்கு, கடன், பஞ்சம். அந்தக் காரணங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுப்பிய மணியார்டரில்தான் எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஓடு மாறி மாடியாயின.

தென் தாய்லாந்தில் தக்குவாபா என்ற ஊருக்கு நான் போனதற்கே இந்த நினைப்புதான் காரணம். அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய குளத்தைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் குளத்தை மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே, கிராபி பக்கம் க்லாங் தோமில், ஒரு தட்டாரின் உரைகல் கிடைத்திருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. தங்கத்தை உரசிப் பார்க்கிற கல்லில் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்ட ஒரு மனிதர். தக்குவாபாவின் பழைய தெருவில், வெள்ளீயச் சுரங்கக் காலத்துக் கடைவீடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்த சாயங்காலத்தில் அவர் கடற்கரைக்குப் போயிருப்பாரா? இந்த ஊர் எப்படி இருக்கிறது என்று சும்மா நடந்து பார்த்திருப்பாரா? பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்லில் வெட்டியது தொழில் மட்டும்.

பினாங்கில், 2024 ஜனவரி தைப்பூசத்துக்கு முந்தின நாள், ஜார்ஜ் டவுனில் ஒரு பெரியவரின் கடையில் டீ குடிக்கப் போனேன். கடையநல்லூர்க்காரர், தாத்தா காலத்தில் வந்த குடும்பம். நான் அம்பை என்றதும் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "சும்மாவா?" என்றவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தனக்கும் கடையநல்லூரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை என்றும், அங்கே இப்போது சொந்தம் என்று யாரும் இல்லாததால் போகவில்லை என்றும் சொன்னார். "யார் வீட்டுக்குன்னு போறதும்மா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கையில் காசும் பாஸ்போர்ட்டும் இருக்கிற ஒரு மனிதர், தாத்தா பிறந்த ஊரைப் பார்க்கப் போவதற்கு ஒரு காரணம் இல்லாமல் தடுமாறுகிறார். குற்றாலத்தில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், யார் வீடும் வேண்டாம் என்று சொல்லி, வழியெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

வெள்ளம் வந்த வாரம்

அந்த டிசம்பரில் நான் வியட்நாமில் ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரில் இருந்தேன். து பொன் ஆற்றங்கரையில் மஞ்சள் சுவர் வீடுகள். வருஷா வருஷம் வெள்ளம் ஏறுகிற ஊர். பழைய வீடுகளின் சுவரில் எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் 1964-ன் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. மாடித் தளத்தில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள், தண்ணீர் வந்தால் சாமான்களை அதன் வழியாக மேலே இழுத்துக்கொள்ள. இதையெல்லாம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், எங்கள் ஊரில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஓடி, நெல்லை ஜங்ஷன் தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் ராத்திரியும் பகலும் மாட்டிக்கொண்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி ஆறு ஓடுகிற படம் விடுதியில் என் போனுக்கு வந்தது. வீட்டுக்கு மட்டும் போன் போகவில்லை.

லைன் கிடைத்தபோது அம்மா நன்றாகத்தான் இருந்தாள். தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரவில்லை, கரண்ட் மட்டும் இல்லை. சித்தி, அத்தை எல்லோரும் "அவள உடனே வரச் சொல்லு" என்றிருக்கிறார்கள். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "கம்பெனியில லீவு தர மாட்டாவன்னு சொல்லிட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நினைத்தால் அன்றைக்கே டிக்கெட் போட முடியும், அது அவளுக்கும் தெரியும். நான் பாதியில் திரும்பி வந்துவிடக் கூடாது என்று அவளே எனக்காக இல்லாத கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் தெருவுக்குப் பயந்து மட்டும் சொன்னது இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் சுற்றுவதற்கு அவள் விட்ட இடமும் அதுதான். இது தெரிந்த பிறகு அதை எதிர்ப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஆச்சியின் காரையாறு

எங்கள் ஆச்சி ஆடி அமாவாசைக்குக் காரையாறு போவாள். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். அந்தக் காலத்தில் அரிசி மூட்டை, பாத்திரம், பத்தமடைப் பாய் எல்லாம் கட்டிக்கொண்டு போய், ஆற்றோரம் குடில் போட்டுப் பல நாள் தங்குவார்கள். இப்போது அங்கே புலிகள் காப்பகம், 1988 முதல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்தது. வனத்துறை நாள் கணக்கு வைத்துத்தான் தங்க விடுகிறது, காட்டுக்கு அது வேண்டியதும்கூட. அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுவார்கள். போட்ட செருப்பு தேய்ந்திருக்கும், சாமி அதை மாட்டிக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்று ஆச்சி சொல்வாள். அவள் காரையாற்றுக் கதை சொல்லி நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கதைகளில் பூஜை எப்போதும் இரண்டு வரிதான் வரும். குடிலுக்குள் மழை ஒழுகியது, குரங்கு அப்பளக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனது, பக்கத்துக் குடிலில் விருதுநகர்க்காரர்களோடு குழம்பு மாற்றிக்கொண்டது, ராத்திரி ஆனை பிளிறியது, இவைதான் மணிக்கணக்காக வரும். ஆச்சியின் பக்தி உண்மை. அந்த சந்தோஷமும் அதே அளவுக்கு உண்மை. அடுப்படியை விட்டு, மாமனார் மாமியாரை விட்டு, வானத்துக்குக் கீழே படுத்துத் தூங்க அவளுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு அய்யனார் கொடுத்தது. எனக்குக் கம்பெனி கொடுத்தது.

பெண்ணுக்குச் சீட்டு இல்லாமல் வழி திறப்பதில்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து பார்த்தால் பொதிகை தெரியும். அந்த மலையின் அகத்தியர் முடிக்குக் கேரளப் பக்கமாக ஏறுகிற பாதையில் பெண்களை விட்டதே 2019-ல்தான், அதுவும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. தினமும் காலையில் கோலம் போட்டு நிமிரும்போது பார்க்கிற மலை அது.

பயோடேட்டா

நான் வந்து சில வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பி.காம் கடைசி வருஷம். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பயோடேட்டா. "யக்கா, ஒங்க கம்பெனியில ஆள் எடுக்காவளாக்கா? எனக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். டேலி முடிச்சிருக்கேன்" என்றாள். அடுக்களையில் அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. அந்த ஃபைலை நான் கையில் வாங்கவில்லை. வாங்கினால் அடுத்தது ஒரு மெயில் ஐ.டி. கேட்பாள், அப்புறம் ஒவ்வொரு வாரமும் "பதில் வந்துச்சாக்கா" என்பாள். எங்கள் வீட்டுக்குள் சௌகரியத்துக்கு வைத்திருந்த ஒரு பொய், இப்போது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படிப்பையும் நம்பிக்கையையும் தொடப் போகிறது. அதற்கு நான் சம்மதிக்க முடியாது. "கம்பெனி எதுவும் இல்லம்மா. நான் என் காசுல சும்மா ஊர் பாக்கப் போனேன்" என்றேன்.

அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன். முகத்தில் அது கொஞ்சம் தெரியவும் செய்தது. ஆனால் உடனே "ஒத்தையிலயாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "எவ்வளவு ஆச்சு?" என்றாள். அப்புறம் அவள் கேள்விகள் நிற்கவே இல்லை. வந்த நாள் முதல் என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள். வியட்நாமில் விடுதிக் கட்டில் ஒரு ராத்திரிக்கு நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈ-விசா 25 டாலர், தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் நான் போனபோது இந்தியர்களுக்கு விசாவே கேட்கவில்லை என்றேன். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் என்றதும், "அப்பா கையெழுத்து வேணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பதினெட்டு முடிந்துவிட்டால் வேண்டாம் என்றேன். அவளுக்கு அதை நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். சைவக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் சாப்பாடு பற்றிக் கேட்டாள். வியட்நாமில் 'சாய்' என்று போர்டு இருக்கிற கடை, தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' போட்டிருக்கிற கடை, இவற்றில் போனால் கவலை இல்லை, மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள் என்றேன். மாதவிலக்கு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ரயிலில் பயமாக இருக்காதா என்றாள். தாய்லாந்தில் சில இரவு ரயில்களில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு என்றேன். பயந்த ராத்திரியையும் மறைக்கவில்லை. ஹட் யாய் ஊரில் ஒருவன் ஸ்டேஷனிலிருந்து பின்னாலேயே வந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருந்த பெண்ணுக்குக் கையால் சைகை காட்டினேன். அவள் வெளியே வந்து நின்று அவன் போகும் வரை பார்த்துவிட்டு, என்னை விடுதிக்கு ஸ்கூட்டரில் கொண்டு விட்டாள். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பெண் கிளம்பும் நாளில் அது அவளுக்கு உதவாது.

அன்று ராத்திரி அம்மா கோபப்படவில்லை. சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் அந்தப் பிள்ளைட்ட சொல்லுத. எங்கிட்ட ஒன்னும் சொல்லலியே" என்றாள். எனக்கு அது சுருக்கென்று இருந்தது. திருச்செந்தூரும் மதுரையும் பழனியும்தான் அவள் பார்த்த வெளியூர்கள். சொல்லத் தொடங்கினேன். தக்குவாபா குளத்தைப் பற்றிச் சொன்னபோது குறுக்கே கேட்டாள்: "இப்பம் தண்ணி கெடக்கா?" குளத்தைப் பார்க்கவில்லையம்மா, ஊரைத்தான் பார்த்தேன் என்றேன். "ஆயிரம் வருசத்துக்கு முன்ன வெட்டினது, தண்ணி கெடக்கான்னு பாத்துட்டு வந்திருக்கலாமில்லா" என்றாள். மறுநாள் காலையில் தெருக் குழாயடியில் எதிர்வீட்டு மதினியிடம் அவளே சொன்னாளாம். "கம்பெனியெல்லாம் ஒன்னும் இல்ல மதினி. ஊர் பாக்கப் போயிட்டு வந்தா." நான் பக்கத்தில் இல்லை. குரல் எப்படி இருந்தது, தலையைக் குனிந்து சொன்னாளா நிமிர்ந்து சொன்னாளா என்று எனக்கு ரொம்ப நாள் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி போயிற்று என்று சொன்னால் அது பொய். மதினி சில மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பேச்சுவார்த்தையில் இருந்த ஒரு வரன் அத்தோடு நின்றுபோனது. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அந்த வாரம் முழுக்க யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆனால் படித்துறையில் ஒரு நாள் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது, பேரப் பிள்ளை எடுத்த ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "அங்கயும் ஆறு இருக்கா? அவளுவளும் இப்படி ஆத்துலதான் குளிக்காளுவளா?" என்று கேட்டாள். மீகாங் ஆற்றைப் பற்றியும், அதில் படகிலேயே நடக்கிற சந்தையைப் பற்றியும் சொன்னேன். துணி காய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுப் பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டாள். அவள் அப்பா முதலில் முடியவே முடியாது என்றவர், படிப்பு முடிந்து சிங்கப்பூரில் வேலை கிடைத்தால் அப்போது தேவைப்படும் என்று அவளே சொன்னதும், சரி, எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். காரணம் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு இது பிடிக்கவில்லை, அவளிடமும் சொன்னேன். "புக்கு கைக்கு வரட்டும்க்கா, மத்ததை அப்புறம் பாப்போம்" என்றாள். என்னிடம் வரும்போதெல்லாம் ஹோய் ஆன் வீடுகளின் படத்தைத்தான் காட்டச் சொல்கிறாள். விசாரணைக்கு வீட்டுக்குப் போலீஸ் வருவார்கள் என்பதுதான் இப்போது அந்த வீட்டில் பெரிய கவலை, தெருவில் என்ன நினைப்பார்களோ என்று. போன வாரம் மதினி எங்கள் வீட்டுப் படி ஏறி வந்தார். என்னென்ன பேப்பர் எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, போலீஸ் வருகிற அன்றைக்கு நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.